இடப்பக்கம் பார்க்க ஓர் ஆள்

சைக்கிளுக்கு இரண்டே சக்கரம். இரண்டு எலுமிச்சம்பழம் போதும். என் வீட்டுக்காரர் நான்கு கேட்டார்.

"முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. எப்பவும் அப்படித்தான வெப்போம்" என்றார்.

"பின்னால எட்டு டயரு இருந்தப்ப வெச்சீங்க, சரி. இதுக்கு எதுக்குங்க? ரெண்டை இப்படிக் குடுங்க, ரசத்துக்காச்சும் ஆகும்" என்றேன்.

கேட்டால்தானே. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். ஹேண்டில்பாரில் செவ்வந்திச் சரம் சுற்றினார். சீட்டுக்கு அடியில் கறுப்புக் கயிறு கட்டினார். இவ்வளவும் முடித்து ஏறி மிதித்தால், முன்சக்கரம் பழத்தை நசுக்காமல் வழுக்கிவிட்டது. மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை ஊன்றிக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மறுபடி ஏதோ ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாரே என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் லாரிதான். நாக்பூர், இந்தூர், டெல்லி என்று வடக்கு லைன். லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் புதுச்சத்திரத்தில் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டு மகளை வளர்த்தேன். போன வருஷம் லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் நெஞ்சுவலி வந்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி லாரி வேண்டாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தினமும் நடங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் ஓட்டுங்கள், சும்மா மட்டும் உட்காராதீர்கள் என்றார்.

நடக்க மாட்டேன் என்று ஒரே பிடி. "நடந்து போனா ஆளாளுக்குக் கேப்பானுக, ‘ஏனுங்ண்ணா, வண்டி என்னாச்சு?’ன்னு. அத்தன பேருக்கும் பதில் சொல்லிட்டு நடக்கோணுமா?"

கோயம்புத்தூரில் இருக்கும் மருமகன் கொரோனா காலத்தில் ஆசைப்பட்டு ஒரு கியர் சைக்கிள் வாங்கி, கொரோனா போனதும் அதைப் பால்கனியில் துண்டு காயப்போட வைத்திருந்தார். மகள் அதைப் பார்சல் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். லாரியில் வந்து இறங்கியதாலோ என்னவோ இவருக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நாமக்கல் போய் ஒரு கண்ணாடி வாங்கி வந்து வலப்பக்கம் மாட்டினார்.

"அந்தப் பக்கம் மாட்டலீங்களா?" என்றேன்.

"அது எதுக்கு?" என்றார், நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீடு சேலம் - நாமக்கல் ஹைவேக்குக் கிழக்குப் பக்கம், தெருவைத் தாண்டினால் ரோடு. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போனார். அவர் பாஷையில் ரோடு என்றால் அதுதான், மற்றதெல்லாம் சந்து. அதிலும் மற்ற சைக்கிள்காரர்கள் மாதிரி ஓரமாகப் போவாரா என்றால் அதுவும் கிடையாது. வண்டி மண்ணில் இறங்கக் கூடாதாம். பின்னால் முப்பது டன் இரும்பு ஏற்றியிருக்கிற மாதிரி இடது லேனின் நட்டநடுவில் நிதானமாகப் போவார். பின்னால் முட்டை வண்டியும் தீவன லாரியும் மதுரை பஸ்ஸும் ஹாரன் அடித்து மாளாது. இவர் திரும்பாமலே வலக்கையை நீட்டி, முந்திப் போ என்று அனுமதி கொடுப்பார். தெரிந்த டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, என்னங்ண்ணா வண்டி சின்னதாயிருச்சு!" என்று கத்திக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். நானோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்த நாட்கள் அவை.

நான் பயந்தது நடந்தது. திரும்பி வரும்போது எங்கள் தெருவுக்குள் இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். அவருக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே ஒரு பையன் பைக்கில் புகுந்து வந்திருக்கிறான். பையனுக்கு ஒன்றுமில்லை. இவருக்கு முழங்கையும் முட்டியும் தேய்ந்துவிட்டன. சாதாரணச் சிராய்ப்புத்தான், ஆனால் அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். துணியை வைத்து அழுத்துகிறேன், நனைந்து போகிறது. இன்னொரு துணி, அதுவும் நனைந்து போகிறது. ரவிக்கைக்கு வெட்டி வைத்திருந்த புதுத் துணியெல்லாம் அவர் கையைச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கையில பட்டதுக்கே இப்படி. தலையில பட்டிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

வந்ததும் சைக்கிளைப் பூட்டி, சாவியை ஊக்கு டப்பாவில் போட்டு மூடினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னிடம் துணி கொடுக்கும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாளும் பேசவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தெருக்கோடியில் தெரிகிற அந்தக் கையகல ஹைவேயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், பாதியில் கை கழுவுவார். சட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவார். சொன்னதையெல்லாம் எதிர்த்துப் பேசாமல் செய்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உடம்பு இளைக்க வேண்டியவர், பாதிச் சாப்பாட்டிலும் அசையாமல் உட்கார்ந்தே ஊதிக்கொண்டு வந்தார். சும்மா உட்காராதீர்கள் என்று டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹைவேயில் விட்டால் அடிபட்டுச் சாவார், வாசலில் விட்டால் உட்கார்ந்தே சாவார். இரண்டில் எது என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்?

யோசித்து யோசித்து ஒரு நாள் காஜா எடுக்கும்போது தோன்றியது. ரோடு அது ஒன்றுதானா என்ன?

அவருக்குத் தெரிந்த ரோடு வேறு, எனக்குத் தெரிந்த ரோடு வேறு. கிழக்கே மலையடிவாரம் வரைக்கும் எனக்கு வாடிக்கை உண்டு. கல்யாண ரவிக்கைகளை ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, அங்கேயே பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். சேந்தமங்கலம், களப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சி என்று எந்தச் சந்தில் போனால் எந்த ஊரில் போய் ஏறலாம் என்று எனக்கு அத்துப்படி. ஹைவேயைத் தொடாமலே கொல்லிமலை அடிவாரம் போய்விடலாம். நாக்பூருக்கு எத்தனை டோல்கேட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற இந்த மனிதருக்கு, வீட்டுக்குப் பின்னால் போகிற ரோடு எங்கே போய் முடிகிறது என்று தெரியாது.

சாவியை எடுத்து அவர் மடியில் போட்டேன். "கெளம்புங்க. நான் சொல்ற ரோட்டுலதான் வரோணும். நான் பின்னாலயே ஸ்கூட்டில வாரேன். இதுக்குச் சம்மதம்னா ஏறுங்க, இல்லீன்னா சாவியக் குடுத்துருங்க."

எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் கேட்கவில்லை.

காலை வெயில் ஏறுவதற்கு முன்பு அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். நடுநடுவே நீளநீளமாகக் கோழிப்பண்ணைகள், அவற்றின் நாற்றம் ஒரு ஃபர்லாங்குக்கு முன்பே வந்து வரவேற்கும். பள்ளிக்கூட வேன் ஒன்று, பால் கேன் கட்டிய மொபெட் இரண்டு, அவ்வளவுதான் போக்குவரத்து. எதிரே கொல்லிமலை குறுக்கே படுத்திருக்கும். முதல் நாள் அவருக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன புள்ள, சத்தமே காணோம்? பந்த்தா இன்னிக்கு?" என்று கேட்டார். நாலு நாள் போனதும் அவரே வண்டியை நிறுத்தி, மலையைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். "இத்தன பக்கத்துலயா இருந்துச்சு இது?" என்றார்.

ஆனால் இன்னொன்று ஆரம்பித்தது. ஒவ்வொரு பிரிவு ரோட்டிலும் காலை ஊன்றி நின்றுவிடுவார். வலப்பக்கம் பார்ப்பார். அப்புறம் நேராகப் பார்த்தபடி சும்மா நிற்பார். ஒரு வண்டி கிடையாது, ஒரு ஆடு கிடையாது, இருந்தாலும் நிற்பார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடுவேன்.

"நெஞ்சு வலிக்குதுங்களா?"

"இல்லயே."

"மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லைங்கறேன்ல."

"பின்ன என்னத்துக்கு நின்னீங்க?"

"தெரியல புள்ள" என்பார். பிறகு மிதிப்பார்.

அப்படி நிற்காத இடங்களில் வேறு கூத்து. இடப்பக்கக் காட்டிலிருந்து ஆட்டுக்குட்டி துள்ளி ரோட்டுக்கு வந்தது. இவர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, ஆட்டுக்குட்டிதான் புத்தியாக ஒதுங்கிப் போயிற்று. இன்னொரு நாள் கிழங்கு ஏற்றிய டிராக்டர் இடப்பக்கத்து வண்டித்தடத்திலிருந்து ஏறி வருகிறது. டிராக்டர் என்ன எலியா, கண்ணுக்குத் தெரியாமல் போக? இவர் பாட்டுக்கு நேரே போகிறார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். டிராக்டர்காரர் பிரேக் போட்டுவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். என் மானம் போயிற்று.

"உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லீங்களா?" என்று நடுரோட்டில் பிடித்துக்கொண்டேன். "என்ற மேல இருக்கற கோவத்த இப்படித்தான் காட்டுவீங்களா? வேணும்னே போய் விழுவீங்களா? சைக்கிளக் கொண்டுபோய்க் கெணத்துல போட்டுர்றேன், பாருங்க!"

"பாத்துட்டுத்தான் போனேன்" என்றார் மெதுவாக. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் எனக்கு இன்னும் பயம் வந்தது. கண்ணில் ஏதாவது கோளாறா, தலையில் ஏதாவது கோளாறா?

அன்று சாயங்காலம் போன் வந்தது. இவரிடம் பல வருஷம் கிளீனராக இருந்தவர், இப்போது சொந்த லாரி வைத்து ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொள்வார். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் ரவிக்கைக் கையுமாக, அண்ணன் சைக்கிள் ஓட்டுகிறார் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"அக்கா, சைக்கிள்ல கிளீனர் சீட்டு இல்லீங்களே! அண்ணனுக்கு யாருங்க்கா லெஃப்ட்டு பாக்கறது?"

சொல்லிவிட்டு அவர் டயர் விலை, டீசல் விலை என்று வேறு கதைக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வலப்பக்கம் மட்டும் மாட்டிய கண்ணாடி, தெருமுனையில் இடப்பக்கமாக வந்த பைக், ஆட்டுக்குட்டி, டிராக்டர், பிரிவு ரோட்டில் சும்மா நிற்பது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

லாரியில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். இடப்பக்கம் கிளீனர் வேலை. கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, "லெஃப்ட்ல பைக்கு… வரட்டும்… ஹோல்டான்… போயிருச்சு, ரைட்!" என்று சொல்லிக்கொண்டே வருவார், கதவைத் தட்டுவார். அந்தக் குரல் வந்தால்தான் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பார். இதையே வாழ்நாள் முழுக்கச் செய்த மனிதரின் கழுத்துக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கிறது. பிரிவு ரோட்டில் அவர் நின்றது நெஞ்சுவலியால் இல்லை. போகலாம் என்று ‘ரைட்’ கொடுக்கிற ஒரு குரல் வருவதற்காக நின்றிருக்கிறார். அவருக்கே அது தெரியாது.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது. எழுந்து போய் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை வலப்பக்கம் திருப்பினார், தாராளமாகப் போயிற்று. இடப்பக்கம் திருப்பினார், பாதியிலேயே நின்றுகொண்டது.

"அட! அப்ப பாதி வண்டிய இத்தன வருசமா அவந்தான் ஓட்டிருக்கான்!" என்றார்.

வந்து உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டைக் காலி செய்தார்.

மறுநாள் காலையில் முதல் பிரிவு ரோடு. வழக்கம் போலக் காலை ஊன்றி, வலப்பக்கம் பார்த்து, நேராகப் பார்த்து நின்றார். நான் பின்னாலிருந்து இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "லெஃப்ட்டு ஃப்ரீங்க! ரைட், போலாம்!" என்று கத்தினேன். அந்த முதுகு நிமிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெடலை ஒரு மிதி மிதித்துப் பறந்தார். நான் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். அப்பாடா, நோயில்லை, கிறுக்கில்லை, என் மேல் கோபமும் இல்லை. மனிதருக்கு ஒரு கிளீனர் வேண்டும், அவ்வளவுதான். வயிற்றிலிருந்த நெருப்பு அன்றைக்கு அணைந்தது.

கிளீனர் வேலை ஒன்றும் லேசு இல்லை. எங்கோ தூரத்தில் எருமை நின்றாலும், "வருதுங்க, வருதுங்க!" என்று கத்துவேன். அவர் பிரேக் போட்டுத் தேடுவார். தலையில் அடித்துக்கொள்வார். "அம்மிணி, நீ இந்த வேலைக்கு ஆகமாட்ட. லெஃப்ட்ல என்ன வருதுன்னு கேட்டா, வர்றவ என்ன ரவிக்க போட்டிருக்கான்னு பாத்துட்டிருக்கற."

"தச்சது நானுங்க. கை இறுக்கமா இருக்குதான்னு பாத்தேன்" என்பேன்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. இடுப்புப் பட்டையில் அவர் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. சேலத்தில் சோதனையெல்லாம் செய்துவிட்டு, நன்றாகத் தேறிவிட்டார், நிதானமாகச் சின்ன ஏற்றம்கூட ஏறலாம் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. முகூர்த்த மாதத்தில் என்னால் மிஷினை விட்டு எழ முடியாது. அந்த நாட்களில் அவர் சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பார். நான் இல்லாமல் ஒரு நாள் கிளம்பிவிட்டால்? எனக்குக் காய்ச்சல் வந்தால்? எனக்கே ஒன்று ஆகிவிட்டால் அவருக்கு யார் இடப்பக்கம் பார்ப்பது? நானே நாமக்கல்லில் ஒரு கண்ணாடி வாங்கி வந்து கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தார். "ஆளு இருக்கறப்ப கண்ணாடி எதுக்கு?" என்று ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டார். அங்கேயே அது தூசி படிந்துகொண்டிருந்தது.

முகூர்த்தம் ஓய்ந்த ஒரு காலையில் காரவள்ளி போனோம். கொல்லிமலைக்கு ஏறுகிற ரோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலே செம்மேடு போக எழுபது கொண்டை ஊசி வளைவு. "எழுபதும் ஏறலாம்னு கனவு காணாதீங்க. நான் எங்க நிறுத்துங்கறனோ அங்க நிறுத்தோணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அடிவாரத்தில் மரத்தடியில் இருந்த சாமிக்கு ஒரு ரூபாய் போட்டார், மலை ஏறும் லாரிக்காரர்கள் போடுகிற மாதிரி. எனக்கும் ஒரு ரூபாய் கொடுத்துப் போடச் சொன்னார். "உன்றதும் வண்டிதான" என்றார்.

மிதித்தும் தள்ளியும் சில வளைவுகள் ஏறினோம். காட்டு மரங்களின் நிழல். சாலையோரச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஒரு திருப்பத்தில் நிறுத்தச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. ரொம்பத் தூரத்தில் வெயிலில் மினுங்கிய ஒரு நூலைக் காட்டி, "அதா, அதுதான் நம்ம ஹைவே" என்றார். சத்தமில்லை, ஹாரன் இல்லை. எறும்பு மாதிரிக்கூட லாரி தெரியவில்லை. கட்டி வந்திருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். "நல்ல வேளை புள்ள, சாவியப் பூட்டி வெச்ச" என்றார். அதற்கு மேல் அவர் நன்றி சொல்ல மாட்டார், எனக்கும் வேண்டாம்.

இறங்கும்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. ஏறும்போது தெரியாத பள்ளமெல்லாம் இறங்கும்போது கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. "ஏறுன கியர்லயே எறங்கோணும், அதுதான் மல ரூல்ஸ்" என்று பாடம் நடத்தியவர், என் ஸ்கூட்டிக்குக் கியரே இல்லை என்பது நினைவு வந்து, "நீ பிரேக்க விட்டு விட்டுப் புடி. மொரட்டுத்தனமா புடிக்காத" என்றார். முன்னால் அவர், பின்னால் நான். "லெஃப்ட்டு ஃப்ரீங்க, ரைட்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு வளைவு தாண்டியது. அடுத்ததற்கு முன்னால் ஒரு குரங்கு சுவரிலிருந்து குதித்து என் வண்டிக்கு நேரே உட்கார்ந்துகொண்டது. நான் பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். அது நகர மாட்டேன் என்கிறது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்.

அந்த வளைவு இடப்பக்கம் ஒடிக்கிறது. ரோடு அங்கே மடிந்து, எங்களுக்கு இடப்பக்கத்துப் பள்ளத்தில் திரும்பி வருகிறது. நான் நின்ற இடத்திலிருந்து சுவருக்கு மேலாக அந்தக் கீழ்ரோடு தெரிந்தது. அதில் பஸ் ஒன்று முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ் எப்படித் திரும்பும் என்று வரும்போது அவரே எனக்குச் சொல்லியிருந்தார். முன்பக்கம் வெளிச்சுவரை ஒட்டிப் போகும், பின்பக்கம் உள்வளைவை வழித்துக்கொண்டு வரும். அந்த உள்வளைவை நோக்கித்தான் அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்ல பஸ்ஸு! ஏனுங்க, லெஃப்ட்ல பஸ்ஸு!"

என் குரல் காற்றோடு பின்னால் போயிற்று. குரங்குதான் திரும்பிப் பார்த்தது. அவர் முதுகில் ஒரு அசைவும் இல்லை. ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சாமி, சாமி என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

வளைவுக்குச் சற்று முன்னால் அவர் தலை இடப்பக்கம் திரும்பியது.

பாதியில் நின்றது. பிறகு தோளையும் சேர்த்துத் திருப்பி, சுவருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தார். சுவரை ஒட்டிக் காலை ஊன்றி நின்றார். பின்னால் வருகிற எனக்காக வலக்கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். பஸ் வந்தது. ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அதன் பின்சக்கரம் உள்வளைவின் மண்ணைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. டிரைவர் இவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். புகை அடங்கியது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். சுவரில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவருக்குக் கைகால் ஓடவில்லை.

"ஏ, என்னாச்சு? உளுந்துட்டியா? வண்டி எங்க?"

"நான் கத்துனது கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"எங்க கேட்டுச்சு? உன்ற சத்தமே வரல" என்றார். "அதனாலதான் பாத்தேன். நீ சொல்லலீன்னா நாமதான பாக்கோணும்?"

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! இத்தனை மாதம் நான் சுமந்துகொண்டிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கண்ணாடிய மாட்டியிருந்தா கழுத்த இப்படி ஒடிக்க வேண்டியதில்லீங்களே" என்று திட்டினேன். "மாட்டறேன், மாட்டறேன். எந்திரி" என்றார்.

மேலே ஏறிப் போய் என் ஸ்கூட்டியை அவரே நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்தார். சைக்கிளில் எனக்கு முன்னால் இறங்கி, வளைவில் போய் நின்று, இடப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"லெஃப்ட்டு ஃப்ரீ. ரைட், வா அம்மிணி!"

காரவள்ளி வரும் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அப்படித்தான் முன்னால் போய் நின்றார், பார்த்தார், சொன்னார். நான் அவர் குரலைக் கேட்டபடியே வண்டியை ஒடித்தேன். இடப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.